நம்பர் பார்க்காத பஜ்ஜிக்கா

நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லரை ஒற்றைக் கையை உயர்த்தி நிறுத்திய மனிதப் பிறவி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் டிராபிக் போலீஸ் இல்லை. துறைமுக அதிகாரியும் இல்லை. திருவொற்றியூரில் தள்ளுவண்டி வைத்து பஜ்ஜி போடுகிறவர். நிறுத்தியபோது சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிளை எப்படி நிறுத்துவது என்பது மட்டும் அவருக்கு அப்போது தெரியாது.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த எங்களுக்கும், வாசலில் வரிசையில் நின்ற லாரி டிரைவர்களுக்கும், எதிர்ச்சந்து ஜனங்களுக்கும் அவர் பஜ்ஜி அக்கா, சுருக்கமாகப் பஜ்ஜிக்கா. ஒருமுறை கூரியர்காரர் ஒருவர் அவருடைய அசல் பெயரைச் சொல்லித் தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் அவரிடமே வந்து விசாரித்தாராம். பஜ்ஜிக்காவும் நன்றாக யோசித்துப் பார்த்து, அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

ஆள் பெரிய உருவம். கடற்கரைப் பக்கம் தள்ளுவண்டி போடுகிற மற்றவர்கள், காற்றில் அடுப்பு அணையாமலிருக்க ஒரு பக்கம் தகரம் கட்டியிருப்பார்கள். பஜ்ஜிக்கா தகரம் கட்டியதில்லை. அடுப்புக்குக் கிழக்கே அவர் நின்றுகொள்வார். வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பிய காற்று அத்தனையும் அவர் முதுகில் மோதித் திரும்பிப் போகும்.

அந்த உடம்பு வந்த விதத்தை அவரே ஒளிக்காமல் சொல்வார். ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் முதல் பஜ்ஜியைப் பதம் பார்க்க வேண்டும். உப்பு சரியா, மாவு வெந்ததா என்று தின்று பார்க்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது பாவம் என்பது அவர் கொள்கை. சாயங்காலம் மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால், கடை கட்டுகிற வரை ஈடு மேல் ஈடாக எடுத்துக்கொண்டே இருப்பார். பதமும் பார்த்துக்கொண்டே இருப்பார். இருபது வருஷமாக அந்தக் கொள்கையிலிருந்து அவர் ஒருநாளும் தவறியதில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் யார்டில் ஆவணப் பிரிவில் குமாஸ்தா. குடியிருந்தது பஜ்ஜிக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்த அப்பாவின் மகன், ஆகவே எதையும் நிறுத்து, அளந்து, எழுதிப் பழகியவன். அந்த வருஷம் உடம்பைக் குறைப்பதென்று சபதம் எடுத்து, கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தேன். எத்தனை அடி நடந்தேன், எத்தனை கலோரி எரித்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று அது சொல்லும். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது இன்றைய நடை இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பாராட்டியது. ஆறு மாதத்தில் என் கைபேசியில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் சேர்ந்தன. எடையும் சேர்ந்தது.

பஜ்ஜிக்காவின் கதை ஒரு ஷேர் ஆட்டோவில் தொடங்கியது. ராயபுரத்தில் கடலை மாவு வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, நீ ஒரு ஆள் ஏறினால் மூன்று ஆள் ஏற முடியாது, இறங்கு என்று சொல்லியிருக்கிறான். உள்ளே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் துறைமுகமே அதிரும் பஜ்ஜிக்கா ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டார்.

நான் ஸ்கூட்டரில் வந்தபோது அவர் டோல்கேட் அருகே சாலை நடுவிலிருந்த சிமென்ட் தடுப்பின் மேல் மாவு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து மூச்சு இரைத்தது. ராயபுரத்திலிருந்து அங்கே வருவதற்குள் எட்டு இடத்தில் உட்கார்ந்தாராம். ஏறிக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். என் ஸ்கூட்டரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"வாணாம் நைனா. சின்ன வண்டியா கீது, பாவம்."

மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் மெதுவாக எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவன் சொன்னதுகூட பரவால்ல. எறங்கி நாலு எட்டு வெக்கச்சொல்லோ மூச்சு நின்னுடும் போல இருந்திச்சு பாரு, அதான் பேஜாராப் பூட்சு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். போயாச்சு என்றார். இரண்டு மாதத்துக்கு முன்பே பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் எல்லாம் பார்த்து, எடைக் கருவியில் ஏற்றி, நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்கவில்லையாம். எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்க்கப் பார்க்க வயிற்றைக் கிள்ளியிருக்கிறது.

"நம்பரப் பார்த்தா பயம் வருது. பயம் வந்தா பசி வருது. அந்த மூணு நாளு நான் துன்னதை ஒரு கல்யாண வூட்டுக்குப் போட்டிருக்கலாம்."

அதனால் சீட்டைச் சுகாதார நிலையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இனி ஜென்மத்துக்கும் நம்பர் பார்ப்பதில்லை என்று முடிவு. என் மணிக்கட்டில் இருந்த நம்பர் பெட்டியைச் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் சந்துக்குள் ஒரு சைக்கிள் வந்தது. பழைய லேடீஸ் சைக்கிள். ராயபுரத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து பஜ்ஜிக்காவே உருட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் இருக்கும் அப்போது. வாழ்நாளில் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததில்லை. பங்க்சர் கடை பாய் சைக்கிளைப் பார்த்தார், பஜ்ஜிக்காவைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மீன்கூடை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் கம்பிகளையும் டயரையும் அதில் மாட்டி, சீட்டுக்கு அடியில் ஆட்டோ ஸ்பிரிங் வைத்து, முன்சக்கர ஃபோர்க்கில் இரும்புப் பட்டை பற்றவைத்துக் கொடுத்தார். இதன் மேல் யானை ஏறினாலும் தாங்கும் என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பஜ்ஜிக்கா கோபித்துக்கொள்ளவில்லை. யானைக்கு முதலில் ஓட்டத் தெரியணுமே என்றார்.

புடவையில் ஓட்ட முடியாது என்று சுடிதார் தைக்கக் கொடுத்தார். அளவு எடுக்கும்போது டெய்லர் நம்பரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று நிபந்தனை. சொல்லிச் சொல்லியே பழகிய மனுஷன், பாவம், ஒவ்வொரு அளவையும் ஓடிப்போய்ச் சுவரில் எழுதிவிட்டு வந்தாராம். பஜ்ஜிக்கா அதுவரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம்.

பயிற்சி, குட்ஸ் ரயில் பாதையை ஒட்டிய முட்டுச்சந்தில். நேரம், விடிகாலை. காரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிற ஆள் நான். அந்த நேரத்தில் தெருவில் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் அந்த வேலைக்குப் பொருத்தமானவனாகப் பட்டேன். சும்மா ஓடுறதுக்கு இத்தைப் பிடிச்சிகினு ஓடேன் என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் நாங்கள் விழாத இடம் இல்லை. வலைக் குவியலில் விழுந்தோம். இட்லிக்கார அம்மாவின் வாசலில் விழுந்தோம். தண்ணீர் லாரிக்காகத் தெருவோரம் வரிசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களை ஒருநாள் ஒட்டுமொத்தமாகச் சாய்த்தோம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று குடங்கள் ரயில் பாதை வரை உருண்டன. பெண்கள் பிடித்து வைத்துத் திட்டினார்கள். என்னையும் சேர்த்துத்தான். மறுநாள் அதே பெண்கள் குடங்களைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வரிசையில் நின்றார்கள். அதற்கடுத்த நாள் விழப்போகும்போது ஓடிவந்து பிடித்தார்கள்.

விழுந்தால் பஜ்ஜிக்கா கொஞ்ச நேரம் அப்படியே தரையில் இருப்பார். அழமாட்டார், சிரிக்கவும் மாட்டார். பிறகு முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, "தூக்கு நைனா" என்பார். அவ்வளவுதான். அந்த மனுஷி எத்தனை தடவை விழுந்தார் என்று என் வாட்ச்சுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. எழுந்ததை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் நான் மூச்சு வாங்கி நின்று வாட்ச்சைப் பார்த்தேன். இருநூறு கலோரி எரித்துவிட்டதாக அது சொன்னது. அதை அவரிடமும் பெருமையாகச் சொன்னேன். எரிஞ்சா சாம்பல் வருமே, அத்த எங்க கொட்டுன என்று கேட்டார்.

பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, காரியரை விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது. என்னிடம் பேசிக்கொண்டே போனார். பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். நான் தூரத்தில் நின்றேன். சந்தின் வாய் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இன்னும் நடக்கவில்லை. அந்தப் பெரிய உருவம் அந்தச் சின்னச் சைக்கிளில் நேராக நெடுஞ்சாலையில் ஏறியது.

அப்போதுதான் யார்டு வாசலிலிருந்து டிரெய்லர் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் சொன்னது இது: பஜ்ஜிக்கா ஹேண்டிலிலிருந்து வலது கையை எடுத்தார். சட்டியிலிருந்து எண்ணெய் வடிய வடிய பஜ்ஜியைத் தூக்கிப் பிடிப்பாரே, அதே மாதிரி உயர்த்திக் காட்டினார். டிரெய்லர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பின்னால் துறைமுகத்துக்குப் போகவேண்டிய வண்டிகள் எல்லாம் நின்றன. பஜ்ஜிக்கா டிரெய்லரின் மூக்குக்கு முன்னால் கடந்து, வடக்கே போய்விட்டார்.

நான் ஓடிப்போனபோது டிரைவர் கீழே இறங்கி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். சைக்கிளை அவர் பார்க்கவே இல்லையாம். அந்தக் கையைத்தான் பார்த்தாராம். பத்து வருஷமாக அந்தக் கை உயர்ந்தால் வண்டியை ஓரங்கட்டிப் பழகிய கால், தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டதாம்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஜ்ஜிக்காவைத் தேடிப் போனேன். எர்ணாவூரில் பாலம் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் சைக்கிள் பாதி புதைந்து நின்றது. அதன் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். இறங்கத் தெரியாததால் எர்ணாவூர் வரை வந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"மூச்சு நிக்கல நைனா. கவனிச்சியா? இம்மாந்தூரம் வந்தும் நிக்கல."

வீட்டில் இதற்கு ஓர் எதிர்க்கட்சி இருந்தது. அவர் கணவருக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. ஐஸ்காரர் என்போம். எண்ணெய்ச் சட்டிக்கும் ஐஸ் கட்டிக்கும் கல்யாணம் பண்ணிவைத்தது யார் என்று தெரியவில்லை. பஜ்ஜிக்கா ஒரு நாளில் பேசுவதை ஐஸ்காரர் ஒரு வருஷத்தில் பேசியிருக்க மாட்டார். பெண்டாட்டி ரோட்டில் சைக்கிள் விடுவதைக் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். எதிர்ப்பைக் காட்டுவதற்காக மூன்று நாள் பஜ்ஜிக்காவிடம் பேசாமல் இருந்தார். ஆனால் அவர் பேசாமல் இருப்பது பஜ்ஜிக்காவுக்குத் தெரியவே இல்லை. நாலாம் நாள் வேறு வழியில்லாமல் சைக்கிளைக் குழாயடிக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியோடு வேலைக்குப் போய்விட்டார்.

பஜ்ஜிக்கா காசிமேட்டுக்கு நடந்தே போனார். ஐஸ் உடைக்கிற இடத்தில், ஆண்கள் மத்தியில் போய் நின்று, கையை நீட்டினார். ஐஸ்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார். பயத்தில் கொடுத்ததாக எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. வழியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தாய் என்று ஐஸ்காரர் கேட்டாராம். எங்கேயும் உட்காரவில்லை என்று பஜ்ஜிக்கா சொன்னாராம்.

அதற்குப் பிறகு மழை நாள் தவிர விடிகாலைச் சைக்கிள் ஒரு நாளும் தவறவில்லை. தூரக் கணக்கு கிடையாது. இன்றைக்கு எதுவரை என்றால், வியர்க்கிற வரை என்பார். சில நாள் எர்ணாவூர், சில நாள் அதையும் தாண்டி எண்ணூர். திரும்பி வந்து கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். மத்தியானம் மீன் வறுவலுக்குப் பதில் குழம்பு மீன். சோறு இருக்கும், கொஞ்சமாக. தட்டில் இருப்பதை உட்கார்ந்து, மென்று, தீர்த்துவிட்டு எழுந்துவிடுவார். முன்பெல்லாம் நின்றபடியே தின்றதால் வயிற்றுக்கு விஷயமே தெரியாமல் போய்விட்டது என்பது அவர் கண்டுபிடிப்பு. கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு நேரத்தோடு படுத்துவிடுவார்.

பதம் பார்க்கும் பொறுப்பை யார்டு வாட்ச்மேனுக்கு மாற்றிக் கொடுத்தார். ஒல்லியாக, சட்டை தொளதொளவென்று தொங்க இருந்த மனுஷன். மழைக்காலம் வருவதற்குள் அவர் யூனிஃபாரத்தின் மேல் பட்டன் இரண்டும் போடமுடியாமல் ஆகிவிட்டது. பஜ்ஜிக்காவிடமிருந்து குறைந்ததெல்லாம் எங்கே போனது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

அவர் குறைந்துகொண்டே வந்தார். எவ்வளவு என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் கிலோ இல்லை. வேறு அளவுகள் இருந்தன. குனிந்து செருப்பு வார் போட முடிகிறது. கால் விரலில் இருக்கும் மெட்டி கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானதை ஒருநாள் மாவைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"முன்ன ஒருத்தனைத் திட்ட ஆரம்பிச்சா பாதில மூச்சு வாங்கும், நைனா. அவன் தப்பிச்சுப் பூடுவான். இப்போ முழுசாத் திட்ட முடியுது."

லாரி டிரைவர்களுக்கு நம்பர் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. யார்டுக்குள்ளேயே லாரி எடை போடும் எடைமேடை இருக்கிறது, ஒரு நிமிஷம் ஏறி நின்றுவிட்டுப் போ அக்கா என்று கெஞ்சினார்கள். நான் இன்னா இரும்புத் தகடா என்று கேட்டார். நானும் என் பங்குக்கு என் கைபேசியைக் காட்டி, எதையும் எழுதிவைத்தால்தானே முன்னேற்றம் தெரியும் என்று வாதாடினேன். அவர் என் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். மாவைக் கலக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வருஷம் ஆவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். பாதி என்பது என் கண் சொல்வது. கிழக்கே நின்றால் காற்று தடுக்கப்படவில்லை. வண்டிக்கு முதல்முறையாகத் தகரம் கட்டினார். அப்போதுதான் பிரச்சினை ஆரம்பித்தது.

தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. இவ்வளவு உடம்பு சும்மா குறையுமா? உள்ளுக்குள் ஏதோ பெரிய வியாதி. சைக்கிள் எல்லாம் சாக்கு. ஒருத்தி தன் சித்தி இப்படித்தான் இளைத்து இளைத்துப் போய்ச் சேர்ந்தாள் என்றாள். பஜ்ஜிக்கா வீட்டுக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் வரத் தொடங்கின. பஜ்ஜி வாங்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள். குண்டாக இருந்தவரை அவர் கை பஜ்ஜி சத்தான பஜ்ஜி. இப்போது எண்ணெயைச் சந்தேகப்பட்டார்கள். பஜ்ஜிக்கா சாத்துக்குடியை உரித்துத் தின்றுகொண்டே எல்லோரையும் முழுசாகத் திட்டினார். பேச்சு அடங்கவில்லை.

ஒரு மத்தியானம் ஐஸ்காரர் யார்டு வாசலில் என்னைத் தேடி வந்து நின்றார். பேன்ட் ஓரம் நனைந்து, மேலெல்லாம் ஐஸும் மீனும் கலந்த வாடை. அவர் என்னிடம் அதுவரை பேசியதே இல்லை. ஓரமாக அழைத்துப்போய், எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, நீ தெனிக்கும் அவ பின்னாலயே ஓடனவன். என்னாண்ட மறைக்காத. அவளுக்கு இன்னா வியாதி?"

ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"கையத் தூக்குனா வளையல் முழங்கை வரிக்கும் போவுது. எனக்கு சோறு எறங்கல. எவ்ளோ நாளு கீதுன்னு மட்டும் சொல்லிடு."

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடாமல், கேட்கவும் தெரியாமல், மாதக்கணக்காக அந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். ஐஸ்காரரும் இளைத்துவிட்டதைப் பார்த்து அவருக்கும் அதே வியாதி ஒட்டிக்கொண்டதாகத் தெரு முடிவு கட்டியிருந்தது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரியவந்தது.

பஜ்ஜிக்காவிடம் சொன்னேன். கரண்டி நின்றது. சட்டியில் கிடந்த ஈடு கறுத்துப்போகும் வரை அவர் அசையவில்லை. இருபது வருஷத்தில் அவர் கருக விட்ட முதல் ஈடு அது. வாட்ச்மேன் அதையும் பதம் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

"ஊமையாட்டம் இருந்துகினு, இத்தினி நாளா இத்தையா நெனச்சிகினு இருந்தாரு" என்றார் கடைசியில்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்துக்குப் போனோம். பஜ்ஜிக்கா, ஐஸ்காரர், அரை நாள் லீவு போட்ட நான். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். பிறகு நர்ஸ் அந்தக் கருவியைக் காட்டினார். நம்பர் பார்க்க மாட்டேன் என்று ஊரையே எதிர்த்து நின்ற பெண், அதைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கினார். ஐஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவரோரமாக, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

பஜ்ஜிக்கா செருப்பைக் கழற்றினார். கருவிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைத்து ஏறி நின்றார். நர்ஸ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரைப் பார்த்துக்கொண்டேன். நம்பரை ஐஸ்காரர் மட்டும் குனிந்து பார்த்தார். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

டாக்டர் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சுகர் கட்டுக்குள் இருக்கிறது, பிரஷர் நன்றாக இருக்கிறது, வேறு ஒரு கோளாறும் தெரியவில்லை என்றார். எந்த டயட், எந்த ஜிம் என்று விசாரித்தார். பஜ்ஜிக்கா சைக்கிளைச் சொன்னார், கூழைச் சொன்னார், உட்கார்ந்து சாப்பிடுவதைச் சொன்னார். அப்படியென்றால் நீங்கள் எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள் தெரியுமா அம்மா, என்று டாக்டர் சீட்டைக் கையில் எடுத்தார்.

ஐஸ்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"வாணாம் டாக்டர். அவளுக்கு அது புடிக்காது."

பிறகு அவர் பெண்டாட்டியைப் பார்த்து, "சோக்கா கீறே மே" என்றார். ஒரு வருஷத்துக்குரிய பேச்சை ஒரே காலையில் செலவழித்துவிட்டார். எவ்வளவோ பேசக்கூடிய பஜ்ஜிக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்தோம். பஜ்ஜிக்கா சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, காரியரைக் கண்ணால் காட்டினார். ஐஸ்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏறி, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, டபுள்ஸ் உட்கார்ந்தார். பாய் வைத்துப் பற்றவைத்த இரும்புப் பட்டை ஒரு சின்ன முனகல்கூட எழுப்பவில்லை. அவர்கள் போன பிறகும் நான் வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றேன். வாட்ச், எழுந்து நடக்கும் நேரம் வந்துவிட்டது என்று மூன்று முறை அதிர்ந்தது.

வியாதிப் பேச்சு அன்றோடு செத்தது. டபுள்ஸ் மிதிக்கிறவளுக்கு என்ன வியாதி வரும்? போன கூட்டம் திரும்பி வந்தது. அந்த நம்பரை ஐஸ்காரரிடமிருந்து வாங்க டிரைவர்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். சீசன் வஞ்சிரத்தைக்கூட லஞ்சமாக நீட்டினார்கள். மீனை வாங்கிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. பஜ்ஜிக்காவும் இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகி ராயபுரத்தில் குடியேறினேன். வேலை எண்ணூர் தாண்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு மாறியது. காலையில் கம்பெனி பஸ் வடக்கே போகும். பஜ்ஜிக்கா ஐஸ்காரரைக் காசிமேட்டில் இறக்கிவிட்டு, காரியரில் வாழைக்காய்க் கூடையோடு திரும்பிப் போகிற நேரமும் அதுதான். பஸ் அவரைத் தாண்டும்போது சாலையின் இடது ஓரத்தில் அவர் தெரிவார். முதுகை நேராக வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கடல்காற்றில் துப்பட்டா பறக்க மிதித்துக்கொண்டு போவார். அதற்காகவே தினமும் இடதுபக்க ஜன்னலில் இடம் பிடிப்பேன். பேப்பர் படிப்பது போல் பாவனை செய்துகொண்டு, அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துவிட்டால் அன்றைய வேலை நன்றாக ஓடும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் ஒருநாள் கொஞ்சம் தாமதமாக ஏறினேன். வலது பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. இடது பக்கத்தில் ஓர் இடம்கூட இல்லை. எல்லோரும் ஜன்னலோரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அந்தத் துப்பட்டா தெரிந்ததும் டிரைவர் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தார்.